கோவிலைப் பகலிலும் திறந்து வையுங்கள்: எங்கள் பங்குத்தந்தைக்கும் பங்குப் பேரவைக்கும் ஒரு திறந்த மடல்

ஃபாதர் அவர்களுக்கும் பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும்,

போன செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்றரை மணி இருக்கும். நம் கோவில் வாசற்படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார், மடியில் ஸ்கேன் படம் வைக்கிற பெரிய உறை. கதவு பூட்டியிருந்தது. அவரை நான் இதற்கு முன் பார்த்ததில்லை, நம் பங்கைச் சேர்ந்தவர் போலத் தெரியவில்லை. "எப்ப திறப்பாங்க?" என்று கேட்டார். "சாயங்காலம் பூசைக்குத்தான், அஞ்சரைக்கு மேல" என்றேன். சரி என்று தலையாட்டினார். எழுந்து போய், இரண்டு கதவுகளும் சேருகிற இடத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் உறையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தக் கதவுக்கு நேர் எதிரே, உள்ளே, ஆண்டவரின் உடலான நற்கருணை அப்பத்தை வைத்திருக்கிற பேழைக்குப் பக்கத்தில் அணையா விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆண்டவர் இங்கே இருக்கிறார் என்று வருகிறவர்களுக்குச் சொல்வதற்காகத்தான் அந்த விளக்கை வைத்திருக்கிறோம். வந்தவர் அதைப் பார்க்காமலேயே திரும்பிப் போனார்.

மூன்று மாதமாக மனதுக்குள் வைத்திருந்ததை அன்று இரவுதான் எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் சுற்றறிக்கை என் கையில் இருக்கிறது. காலைத் திருப்பலி முடிந்ததும் கோவில் பூட்டப்படும், மாலைத் திருப்பலிக்கு அரை மணி முன்னால்தான் திறக்கப்படும். மாலைத் திருப்பலிக்கு முன் இத்தனை வருடமாகச் சொல்லிவந்த செபமாலை இனி இல்லை, அந்த நேரம் பாடகர் குழுவின் ஒத்திகைக்கும் மைக், திரை எல்லாம் சரிபார்ப்பதற்கும் வேண்டும். வலப்பக்கப் பீடத்தில் இருந்த வியாகுல மாதா சுரூபம் பராமரிப்புக்காக எடுக்கப்படும். எடுத்தது எடுத்ததுதான், இப்போது அது கூட்ட அறையின் பின்பக்கம், அடுக்கி வைத்த நாற்காலிகளுக்கு நடுவில் துணி போர்த்தி நிற்கிறது, நானே போய்ப் பார்த்தேன். இதெல்லாம் போதாதென்று கடைசியில் ஒரு வாக்கியம்: உணர்ச்சி சார்ந்த பக்தி முயற்சிகளிலிருந்து முதிர்ந்த விசுவாசத்துக்கு நாம் வளர வேண்டும், செபத்தை எங்கிருந்தும் செய்யலாம்.

பூட்டைவிட எனக்கு அதிகமாக வலித்தது அந்த வாக்கியம்தான். அது என்னைப் பற்றிச் சொல்லப்பட்டது. அந்தப் பீடத்தின் முன்னால் உட்கார்ந்து அழுத ஒவ்வொருவரைப் பற்றியும் சொல்லப்பட்டது. அதனால் நான் ஏன் அங்கே வந்து உட்கார்ந்தேன் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் என் இரண்டாவது குழந்தை ஏழாவது மாதத்தில் வயிற்றிலேயே இறந்துபோனது. பெண் குழந்தை. வீட்டுக்கு வந்து சில வாரங்களில் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள், கணவர் வேலைக்குப் போய்விட்டார், மூத்தவன் பள்ளிக்கூடம் போய்விட்டான். பகல் முழுக்க அந்த வீட்டில் தனியாக இருக்க என்னால் முடியவில்லை. கால் தானாகக் கோவிலுக்கு வந்தது. செபிக்க வந்தேன் என்று சொன்னால் அது பொய். செபம் வரவே இல்லை. விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே என்று ஆரம்பிப்பேன், 'உமது திருவுளம்' என்ற இடம் வந்ததும் தொண்டை அடைத்துக்கொள்ளும், அதோடு நிறுத்திவிடுவேன். உட்காருவதற்கு ஓர் இடம் வேண்டும், என்னை யாரும் ஒன்றும் கேட்கக் கூடாது, ஆனால் நான் தனியாகவும் இருக்கக் கூடாது. அப்படி ஓர் இடம் பகல் ஒரு மணிக்கு ஊரில் வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

நான் உட்கார்ந்தது வியாகுல மாதாவுக்கு முன்னால். உங்களில் எத்தனை பேர் அந்தச் சுரூபத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. இறந்த மகனை மடியில் கிடத்தியிருக்கிறார். மகனின் வலது கை கீழே தொங்குகிறது. அந்தக் கையின் விரல்களில் வர்ணம் முழுக்கப் போய் உள்ளே இருக்கிற வெள்ளைச் சாந்து தெரியும், நடுவிரலின் நுனி கொஞ்சம் மழுங்கியே போயிருக்கும். சிற்பியின் குறை இல்லை அது. அத்தனை பேர் அந்தக் கையைப் பிடித்திருக்கிறார்கள். நானும் பிடித்தேன். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிற ஒரு தாயிடம் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மற்ற எல்லோரிடமும் விளக்க வேண்டியிருந்தது.

சாயங்காலம் செபமாலைக்கு ஏழெட்டுப் பேர் வருவார்கள், பெரும்பாலும் வயதானவர்கள். நான் எழுந்து போக மனமில்லாமல் அப்படியே இருந்துவிடுவேன். ஒருநாள் செபமாலையில் ஒரு பத்தை, அதாவது பத்து 'அருள் நிறைந்த மரியே' செபங்களை, நடத்தச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டார்கள், யாருக்கும் என் கதை தெரியாது. அருள் நிறைந்த மரியே வாழ்க, ஆண்டவர் உம்முடனே, பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவர் நீரே, இதுவரை சொல்லிவிட்டேன். அடுத்த வார்த்தை என்ன? 'உம்முடைய திருவயிற்றின் கனியாகிய.' என்னால் முடியவில்லை. வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த பாட்டி என்னைப் பார்க்கவில்லை, எதுவும் கேட்கவில்லை, தன் கையை என் கைமேல் வைத்து அந்த இடத்திலிருந்து தானே சொல்லி முடித்தார். மற்றவர்கள் வழக்கம்போல 'தூய மரியே, இறைவனின் தாயே' என்று மறுபாதியைச் சொன்னார்கள். செபமாலையின் அடுத்த மணிக்கும் அதே மாதிரி. நான் பாதி சொல்வேன், அந்த இடத்தில் நின்றுவிடுவேன், அவர் எடுத்துக்கொள்வார். பத்து தடவை அந்த இடம் வந்தது. பத்தாவது தடவை 'இயேசுவும்' என்ற சொல்லை மட்டும் நானும் சேர்ந்து முணுமுணுத்தேன். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன், தூங்கினேன்.

ஒரே செபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது இளைஞர்களுக்குச் சலிப்பாக இருக்கிறது என்று பேரவைக் கூட்டத்தில் பேசப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். இருக்கலாம், அதில் தப்பில்லை. குழந்தை இயேசுவின் புனித தெரேசாவே தனியாகச் செபமாலை சொல்வது தனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று மனம்விட்டு எழுதியிருக்கிறார், மனம் நிலைக்கவே மாட்டேன் என்கிறது என்று வருத்தப்பட்டிருக்கிறார். அதற்காகத் தாய் தன்னை விட்டுவிட்டார் என்று அவர் நினைக்கவில்லை. ஆனால் திரும்பத் திரும்ப வருவதால்தான் பாதியில் நின்றுபோன என்னை அந்தச் செபம் ஏற்றிக்கொண்டது. ஒரு தடவை தவறவிட்டால் அடுத்த மணியில் ஏறிக்கொள்ளலாம். முதல் பாதியை ஒருவர் சொல்ல, மறுபாதியை மற்றவர்கள் சொல்ல, பேச்சே வராதவர் நடுவில் உட்கார்ந்திருந்தாலும் அவருக்கும் சேர்த்து அது நடந்துகொண்டே இருக்கும். 2002ஆம் ஆண்டு அக்டோபரில் செபமாலையைப் பற்றித் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எழுதிய மடலை ரொம்ப நாள் கழித்துத்தான் படித்தேன். இயேசு என்ற பெயர்தான் அந்தச் செபத்தின் மையம், இரண்டு பாதிகளையும் சேர்க்கிற கீல் என்று அதில் எழுதியிருக்கிறார். படித்தபோது எனக்கு அந்தப் பாட்டியின் கைதான் ஞாபகம் வந்தது. கீல் கழன்று கிடந்த இடத்தில் அவர் கையை வைத்துப் பிடித்திருந்தார்.

மாதா பக்தி கிறிஸ்துவை மறைக்கிறது என்ற கவலை உங்களுக்கு இருக்கிறது ஃபாதர், பிரசங்கத்திலும் சொன்னீர்கள். அது வெறும் சாக்கு என்று நான் சொல்ல மாட்டேன். மாதாவை ஆண்டவருக்குச் சமமாக்கிப் பேசுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன், மகன் கோபக்காரர், தாய்தான் இரக்கமுள்ளவர் என்பதுபோல. அது தப்பு. ஆனால் எனக்கு நடந்ததைக் கேளுங்கள். நம் கோவிலில் மாதா பீடத்திலிருந்து நற்கருணைப் பேழைக்குப் பதினைந்து அடி இருக்கும். அதைக் கடக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. ஆண்டவர்மேல் எனக்குக் கோபம். அம்மாவிடம் பேசினேன், மகனிடம் பேசவில்லை. அந்த எட்டு மாதமும் நான் தினமும் பிடித்தது யாருடைய கை? மகனுடைய கைதானே. தாய் தன் மடியில் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தது அவரைத்தானே. கானா ஊர்த் திருமணத்தில் பணியாளர்களிடம் 'அவர் உங்களுக்குச் சொல்வதெல்லாம் செய்யுங்கள்' என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டவர், என் விஷயத்திலும் அதைத்தான் செய்தார், ஆனால் என் நடைக்கு ஏற்ற மாதிரி மெதுவாக.

ஒருநாள் எழுந்து போய்ப் பேழைக்கு முன்னால் உட்கார்ந்தேன். வெளிச்சமும் குரலும் ஒன்றும் வரவில்லை. 'நீர் இங்கே இருந்திருந்தால்' என்று மட்டும் சொன்னேன், இறந்துபோன லாசருக்காக அவருடைய சகோதரிகள் மார்த்தாவும் மரியாவும் இயேசுவிடம் சொன்னதுதான். அதைச் சொன்னதற்காக இயேசு அவர்களைக் கடிந்துகொண்டாரா? கண்ணீர் விட்டு அழுதார் என்றுதான் யோவான் எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு பல மாதங்கள் பகல் நேரத்தில் அங்கேதான் இருந்தேன், பெரும்பாலும் எதுவும் பேசாமல். பிரான்சின் ஆர்ஸ் ஊரில், புனித ஜான் வியான்னி பங்குத்தந்தையாக இருந்த காலத்தில் நற்கருணைப் பேழைக்கு முன்னால் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்த ஒரு விவசாயி, 'நான் அவரைப் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்கிறார்' என்று சொன்னாராம். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் ஆழ்நிலைச் செபத்தைப் பற்றிச் சொல்லும்போது 2715ஆம் எண்ணில் இந்த விவசாயியின் வார்த்தையைத்தான் எடுத்துக்காட்டுகிறது. படித்தவர்கள் எவ்வளவோ எழுதியிருக்க, திருச்சபை தேடிப் பிடித்தது ஒரு விவசாயியின் பேச்சை. இதையா முதிராத விசுவாசம் என்கிறீர்கள்?

அவிலாவின் புனித தெரேசா சிறுமியாக இருந்தபோது தாயை இழந்தார். நேராக மாதாவின் சுரூபத்துக்கு முன்னால் போய், நீங்கள் எனக்கு அம்மாவாக இருங்கள் என்று அழுதுகொண்டே கேட்டதாகத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஒரு குழந்தை அறியாமல் செய்தது என்று பெரியவளான பிறகும் அவர் அதைத் தள்ளிவிடவில்லை. கேட்டது கிடைத்தது என்றுதான் எழுதுகிறார். அவரை 1970ல் திருத்தந்தை ஆறாம் பவுல் திருச்சபையின் மறைவல்லுநராக, திருச்சபைக்கே விசுவாசம் கற்பிக்கிற ஆசிரியராக, அறிவித்தார். அதே ஆறாம் பவுல்தான் 1974ல் மரியன்னை வணக்கத்தைப் பற்றி எழுதிய மடலில், செபமாலை நற்செய்தியிலிருந்து வந்த செபம், கிறிஸ்துவை நோக்கிய செபம் என்று சொன்னார். திருப்பலி நடக்கும்போதே செபமாலை சொல்வது தவறு என்றும் அதே மடலில் எழுதியிருக்கிறார். அதை நாங்கள் ஒருபோதும் மீறியதில்லை, திருப்பலிக்கு முன்னால்தான் கேட்கிறோம். மரியா செய்கிற எதுவும் கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவே நிற்கிற ஒரே இடைநிலையாளரான கிறிஸ்துவின் மாண்பிலிருந்து எதையும் குறைக்காது, கூட்டவும் செய்யாது என்று ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. 2025 நவம்பரில் வத்திக்கான் வெளியிட்ட குறிப்பைப் பேரவையில் ஒருவர் சுட்டிக்காட்டினாராம். மரியாவை 'இணை மீட்பர்', அதாவது கிறிஸ்துவோடு சேர்ந்து மீட்டவர், என்று அழைக்க வேண்டாம் என்றது அந்தக் குறிப்பு, எனக்கு அதில் மறுப்பே இல்லை, நான் அப்படி அழைத்ததும் இல்லை. ஆனால் அந்தக் குறிப்பின் தலைப்பே விசுவாசமுள்ள மக்களின் தாய் என்பதுதான். தாயை நாற்காலிகளுக்கு நடுவில் வைக்கச் சொல்லி அதில் எங்கேயும் எழுதவில்லை.

எங்கிருந்தும் செபிக்கலாம் என்கிறீர்கள். உண்மைதான். கர்தினால் நுயென் வான் துவானைவிட அதை நிரூபித்தவர் யார். 1975ல் வியட்நாமில் கைதாகி 13 வருடம் சிறையிலும் காவலிலும் இருந்தார், அதில் 9 வருடம் தனிமைச் சிறை. கோவில் இல்லை, பீடம் இல்லை. ஆனால் அவர் செய்தது என்ன? வயிற்றுவலிக்கு மருந்து என்று சொல்லி வரவழைத்த திராட்சை இரசத்தில் மூன்று துளி, ஒரு துளி தண்ணீர், இதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பலி நிறைவேற்றினார். சிகரெட் பெட்டிக் காகிதத்தில் நற்கருணையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எங்கிருந்தும் செபிக்கத் தெரிந்த அந்த மனிதருக்கே ஆண்டவர் பக்கத்தில், கைக்கு எட்டுகிற தூரத்தில் வேண்டியிருந்தது. நம் ஆண்டவர் தூரத்திலிருந்தே எல்லாவற்றையும் செய்திருக்க முடியாதா? ஒரு பெண்ணின் வயிற்றில் வந்து பிறந்தார், தொழுநோயாளரைத் தொட்டார், சிலுவையில் மூச்சு வாங்கிக்கொண்டே 'இவரே உம் தாய்' என்று சொல்லித் தாயையும் நம்மிடம் ஒப்படைத்தார். பக்கத்தில் இருப்பது அவர் தேர்ந்தெடுத்த வழி. அதைத் தேடி வருகிறவர்களைப் பார்த்து உணர்ச்சிவசப்படுகிறவர்கள் என்று சொல்லாதீர்கள்.

திருட்டு பயம் என்று காரணம் சொல்லப்பட்டது. போன வருடம் உண்டியலை உடைக்கப் பார்த்தார்கள், அது எனக்கும் தெரியும். கவலைப்பட வேண்டிய விஷயம்தான், கோவிலைப் பராமரிக்கிற கோவில்பிள்ளை ஒருவரே எல்லாவற்றையும் பார்க்கவும் முடியாது. ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்கிற திருச்சபைச் சட்டம் 937, கடுமையான காரணம் இருந்தாலன்றி, நற்கருணை வைக்கப்பட்டிருக்கிற ஆலயம் விசுவாசிகள் அதன் முன் செபிப்பதற்காகத் தினமும் சில மணி நேரமாவது திறந்திருக்க வேண்டும் என்கிறது. ஒத்திகைச் சத்தத்துக்கு நடுவில் கிடைக்கிற அரை மணியை அந்தச் சில மணி நேரம் என்று யாரும் சொல்ல முடியாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2013ல் 'நற்செய்தியின் மகிழ்ச்சி' மடலின் 47ஆம் எண்ணில் இன்னும் நேராகவே எழுதினார்: தூய ஆவியால் தூண்டப்பட்டுக் கடவுளைத் தேடி ஒருவர் வரும்போது மூடிய கதவின் குளிர்ச்சியை அவர் சந்திக்கக் கூடாது. செவ்வாய்க்கிழமை அந்தப் பெண்ணின் நெற்றி சந்தித்தது அதைத்தான்.

பூட்டுவதற்கு முன்னால் எங்களைக் கேட்டிருந்தால் ஒரு வழி சொல்லியிருப்போம். இப்போதும் சொல்கிறோம். பகலில் காவல் இருக்க நாங்கள் பதினான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறோம், ஆளுக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம். பணி ஓய்வு பெற்றவர்கள், வீட்டில் இருக்கிறவர்கள், இரவு வேலைக்குப் போகிற ஒரு தம்பி. வெறுமனே காவல் இருக்கப் போவதில்லை, உட்கார்ந்து செபித்துக்கொண்டிருப்போம். யாராவது அழுதுகொண்டே உள்ளே வந்தால் அவரைத் தொந்தரவு செய்யாமல் இருக்கவும் எங்களுக்குத் தெரியும், கையைப் பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்கவும் தெரியும்.

ஆகவே நாங்கள் கேட்பது இது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து கோவில் தினமும் பகல் பன்னிரண்டு முதல் நான்கு வரை திறந்திருக்க வேண்டும், சாவியை அன்றன்று பொறுப்பில் இருப்பவர் பங்கு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கித் திருப்பிக் கொடுப்பார். உண்டியலை அந்த நேரத்தில் உள்ளே எடுத்து வைத்துவிடலாம். மாலைத் திருப்பலிக்கு முன் செபமாலையைத் திரும்பக் கொடுங்கள். இருபது நிமிடம் போதும், திருப்பலிக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே முடித்துவிடுவோம். பாடகர் குழு கூட்ட அறையில் ஒத்திகை பார்க்கலாம், அவர்களில் இரண்டு பேரிடம் நானே பேசினேன், அவர்களுக்கு மறுப்பு இல்லை. செபமாலையை எப்போதும் நாங்களே நடத்த வேண்டும் என்றும் இல்லை, வாரத்தில் ஒருநாள் இளைஞர்கள் தங்களுக்குப் பிடித்த மாதிரி, நற்செய்தி வாசகத்தோடும் மௌனத்தோடும் நடத்தட்டும், நாங்கள் மறுபாதியைச் சொல்கிறோம்.

வியாகுல மாதாவை அவர் இருந்த இடத்திலேயே வையுங்கள். உயரமான மேடையில் கண்ணாடிக்குள் வேண்டாம், கைக்கு எட்டுகிற உயரத்தில். வர்ணம் பூச நினைத்தால் தயவுசெய்து அந்த வலது கையை மட்டும் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, சுற்றறிக்கையின் அந்தக் கடைசி வாக்கியத்தைத் திரும்பப் பெற வேண்டும், அதை அறிவித்த மாதிரியே ஞாயிறு திருப்பலியில் அறிவிக்கவும் வேண்டும். எங்களில் சிலர் அதைக் கேட்ட பிறகு செபமாலையைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே கூச்சப்படுகிறார்கள்.

தேவைகளையும் கருத்தையும் மேய்ப்பர்களிடம் சொல்லும் உரிமையை விசுவாசிகளுக்குத் திருச்சபைச் சட்டமே 212ஆம் எண்ணில் கொடுத்திருக்கிறது, அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். உங்கள்மேல் எனக்கு மரியாதை குறையவில்லை ஃபாதர், என் மாமியாரின் கடைசி நேரத்தில் நடு இரவில் நோயில்பூசுதல் கொடுக்க ஓடி வந்தவர் நீங்கள். அன்றைக்கு அவர் கையில் செபமாலையை நீங்களே சுற்றிவிட்டீர்கள்.

பேரவையின் அடுத்த கூட்டத்தில் எங்களுக்குப் பேச கால் மணி நேரம் கொடுங்கள், இந்த மாத முடிவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். வருகிற வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு நான் வாசலில் இருப்பேன். அன்றைக்கே திறக்க முடியும் என்றால் முதல் இரண்டு மணி நேரம் என் பொறுப்பு.

இப்படிக்கு,
உங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு தாய்